கடல் கொண்டதும் படம் கொண்டதும்

கடலுக்கும் கம்மாபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் உள்ள நமது ஊரில் நின்றுகொண்டு எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. தெரிவதெல்லாம் நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும், தூரத்தில் நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மலைகளுமே. ஆயினும் இப்பக்கத்தில் பெய்யும் மழை நீர் வெள்ளாற்றில் கலந்து, சேத்தியாத்தோப்பு அணையைக் கடந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகில் கடலில் போய் விழுகிறது. நீர் போகும் வழியில் மனிதன் போகக் கூடாதா?

நாம் போனதற்கு உண்மையான காரணம் ஒரு மாணவன். சரித்திர வகுப்பில் தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் அதன் உருவத்தையும் கோணல்மாணலாக வரைந்தோம். பின் வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஸார், இதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று பணிவுடன் கேட்டான். பார்த்ததில்லை. இருபது வருஷமாக அந்தக் கோட்டையைக் கட்டுகிறோம், விற்கிறோம், வாங்குகிறோம், எல்லாம் வகுப்பறைக்குள்ளேதான்! வெட்கமாகப் போய்விட்டது.

அந்தத் தை மாதத்துப் பொங்கல் விடுமுறையிலேயே புறப்பட்டுவிட்டோம். துணைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் நமது நண்பரான சித்திர ஆசிரியர். மற்றவன் அவருடைய மருமான்; கல்லூரியில் படிக்கிறவன். விலையுயர்ந்த காமிரா ஒன்றும், அதை நிறுத்தி வைக்க முக்காலி ஒன்றும் அவனுடைய சொத்து. வகுப்பில் மாட்டுவதற்குக் கடற்கரைக் கோட்டைகளையும் கலங்கரை விளக்கங்களையும் பழைய சின்னங்களையும் படம் எடுத்து வருவது என்பதே திட்டம். தேவனாம்பட்டினத்தில் தொடங்கி, தெற்கே கோடிக்கரையில் முடிப்பதென்று ஏற்பாடு.

பீரங்கி அளந்த ஊர்கள்

வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கெடிலம் நதி கடலோடு கலக்கும் இடத்திற்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்தது செயின்ட் டேவிட் கோட்டை. "இருந்தது" என்று சொல்லுவதைக் கவனிக்க வேண்டும். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டையைத் தேடிப் போன நமது மருமான், சிதைந்த செங்கல் சுவர்களையும் புதர் மண்டிய மேடுகளையும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "மாமா, கோட்டை எங்கே?" என்று கேட்டான். "நீ நிற்கிற இடந்தான்" என்றார் சித்திர ஆசிரியர்.

இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து 1690-ஆம் வருஷத்தில் விலைக்கு வாங்கினார்கள். அப்போது செஞ்சியிலிருந்து ஆண்டவர் சத்ரபதி ராஜாராம். சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான அளவு சொல்லப்பட்டிருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் வாங்கினவர்களுக்குச் சொந்தம். கம்பெனியார் சும்மா இருப்பார்களா? இருந்த பீரங்கிகளில் நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்கள் எல்லாம் கம்பெனியின் கிராமங்கள் ஆயின. கடலூர்ப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊரும், குண்டு சாலை என்ற சாலையும் இன்றும் உண்டு. அவ்வூர்களில் உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. காலையில் ஒரு ராஜாவின் குடிகளாக எழுந்தவர்கள், குண்டுச் சத்தம் அடங்கியதும் ஒரு வியாபாரக் கம்பெனியின் குடிகளாகிவிட்டார்கள்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, இந்தக் கோட்டைதான் இங்கிலீஷ்காரருக்குத் தலைமை ஸ்தானமாயிற்று. 1752 வரையில் அப்படியே இருந்தது. 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக வந்தான். இரண்டே வருஷத்தில், 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டுப் பிடித்து, கோட்டை மதில்களைத் தகர்த்துத் தள்ளினான். அதற்குப் பிறகு அது பழைய கோட்டையாக எழுந்திருக்கவே இல்லை.

சித்திர ஆசிரியருக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. "அன்னியர் நம்மை அடிமைப்படுத்துவதற்குக் கட்டிய சுவர், இன்னொரு அன்னியர் இடித்தார்கள். ஒழிந்தது சனியன் என்று விட்டுவிடாமல் படம் வேறு எடுக்க வேண்டுமா?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வியே. நாம் சற்று யோசித்துவிட்டு, "கோட்டையின் பெருமைக்காக அல்ல, குண்டின் கதைக்காக எடுக்கலாம். ஒரு தேசம் எப்படிக் கைமாறிற்று என்பதைப் பத்துப் பக்கம் எழுதினாலும் பையன்கள் மறந்துவிடுவார்கள். இந்தச் சுவரையும் அந்தக் குண்டு சாலைப் பலகையையும் ஒரு படத்தில் காட்டினால் மறக்க மாட்டார்கள்" என்றோம். நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனால் சாலைப் பலகையைப் படம் எடுக்கும்போது மருமானுக்குக் குடை பிடித்தவர் அவர்தான்.

அன்று நல்ல பாடம் ஒன்றும் கற்றோம். உச்சி வெயிலில் எடுத்த படங்கள் ஒன்றும் தேறவில்லை. சுவரில் செங்கல் வரிசை தெரியாமல் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிட்டது. கடற்காற்றில் வந்த உப்புத் துளி காமிராக் கண்ணாடியில் படிந்து மெல்லிய படலம் கட்டியிருந்தது. அந்தப் படலத்தை வேட்டி நுனியால் துடைக்கப் போன நம்மை மருமான் பதறித் தடுத்தான். உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடுமாம். முதலில் மணலை ஊதித் தள்ளி, பிறகு அதற்கென்றே உள்ள மெல்லிய துணியால் துடைக்க வேண்டுமாம். நமது கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறான். ஆகையால் கடலைப் பார்த்த முகங்களுக்குக் காலை ஒளியே ஒளி. பிற்பகலில் அவை நிழலில் மூழ்கிவிடும். இதைக் கற்றுக்கொண்டு, அன்று மாலையே சிதம்பரம், சீகாழி வழியாகத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம்.

பாதிக் கோயில்

மறுநாள் சூரியோதயத்திற்கு முன்பே கடற்கரையில் நின்றோம். இருட்டு விலக விலக, டான்ஸ்பர்க் கோட்டை மெல்ல மெல்ல உருப்பெற்றது. முதல் கதிர் விழுந்ததும் அதன் சுவர் பழுக்கக் காய்ச்சிய செம்பு போல் ஆகிவிட்டது. ஐந்து நிமிஷத்திற்குள் மருமான் முப்பது படங்கள் எடுத்துத் தள்ளினான்.

தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் தேசத்துக் கடற்படைத் தலைவரான ஓவ கியெத்தேக்கும் 1620-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில் கட்டப்பட்டது இக்கோட்டை. மிளகு முதலிய சரக்குகளின் வியாபாரத்துக்காக வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார்கள். 1706-இல் இங்கே வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இந்த ஊரில்தான். கடைசியில் 1845-இல் டேனிஷ்காரர்கள் தங்கள் இந்திய உடைமைகளான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் 12½ லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நமது நாடு விடுதலை பெற்ற பிறகும் கோட்டை பிரயாணிகள் விடுதியாகச் சில காலம் இருந்து, 1978-இல் தொல்பொருள் துறையாரின் பொறுப்பில் வந்து, பொருட்காட்சிசாலை ஆயிற்று. ஊர் வாசலில் 1792-இல் கட்டிய வெள்ளை வளைவு இன்னும் நிற்கிறது. அதைக் கடந்துதான் கோட்டைத் தெருவுக்குள் போக வேண்டும்.

ஆனால் நம் மனத்தைப் பிடித்தது கோட்டை அல்ல. அதற்குச் சற்று வடக்கே அலைகளின் ஓரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. கடல் கொஞ்சங் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வந்து, கிழக்குப் பாகத்தை முழுவதும் விழுங்கிவிட்டது. இப்போது இருப்பது மிச்சந்தான். மேலும் அரிக்காமலிருக்கப் பெரிய பாறைகளைக் கொண்டுவந்து கரையில் போட்டிருக்கிறார்கள். அப்பாறைகளின்மேல் அலை மோதும் சப்தமே அங்கே எப்போதும் நடக்கும் ஓதுவார் கானம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "முன்னே கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது, ஐயா?" என்று கேட்டோம். அவர் கடலுக்குள்ளேயே கையை நீட்டிக் காட்டினார். "அதோ அந்த வள்ளம் ஆடுதே, அங்ஙன ஒரு தெருவு இருந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நாங்க பாக்கல. படமா இருக்கு, காட்டுறதுக்கு?" என்றார்.

அந்தப் பேச்சு நம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. படம் இல்லாவிட்டாலும் சித்திரங்களாவது உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் இங்கே கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் என்பவர் வர்ணச் சித்திரம் எழுதுவதில் ஆசை மிகுந்தவர். தரங்கம்பாடியையும் மாமல்லபுரம் முதலிய இடங்களையும் எழுதிவைத்தார். அச்சித்திரங்கள் இன்று அவருடைய தாய்நாடான நார்வேயில் இருக்கின்றன. புகைப்படக் கலை வந்த பின்பு, லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1857-58-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் மெழுகு பூசிய காகிதத்தில் படம் எடுத்தார். அவர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படத்தையும் இன்றைய கோயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்று மரம் முளைத்திருந்த இடம் எது, பின்னால் புதுப்பித்த இடம் எது என்றெல்லாம் சொல்லிவிடலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்திர ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். "அழகான படம் வேறு, சாட்சிப் படம் வேறு. அழகான படத்தை உதயத்தில் எடுத்துவிட்டோம். சாட்சிப் படத்துக்கு ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஒரே உயரத்திலிருந்து, வருஷா வருஷம் எடுக்க வேண்டும். அப்போதுதான் கடல் எத்தனை அடி வந்திருக்கிறது என்று படமே பேசும்."

உடனே அப்படியே செய்தோம். கோயில் மதிலின் ஒரு மூலைக் கல்லை அடையாளமாக வைத்து, அதிலிருந்து பத்துத் தப்படி எண்ணி முக்காலியை நிறுத்தினோம். கோபுரம் பின்னால் சாய்வது போல் விழாமலிருக்கக் காமிராவை மேலே அண்ணாத்தாமல், தள்ளிப் போய் நேராக வைத்து எடுத்தோம். அளவு தெரியும் பொருட்டுச் சித்திர ஆசிரியரையே சுவர் ஓரத்தில் நிற்கச் சொன்னோம். அவருடைய உயரம் ஐந்தரை அடி என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி, தேதி, நேரம், திசை எல்லாம் குறித்துக்கொண்டோம். "என் வாழ்நாளில் முதன்முறையாக நான் அளவுகோல் ஆனேன்" என்றார் நண்பர்.

இல்லாத கோபுரம்

அன்று காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினத்தில் இறங்கினோம். அங்கே நாம் தேடிப் போனது இல்லாத பொருள் ஒன்றை. நேயர்கள் சிரிக்க வேண்டாம்.

ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டுவித்தார். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை மானியமாக அளித்தான். இந்தச் சாஸனச் செப்பேடுகள் நெடுங்காலம் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் இருந்தன. அந்தப் பௌத்த நகரின் மிச்சமாகவோ, சீன வர்த்தகர்களின் கைவேலையாகவோ, ஊருக்கு வடக்கே மூன்று நிலையுள்ள செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் நின்றது. அதைச் சீனக் கோபுரம் என்று சொல்லுவார்கள். விளக்கு இல்லாவிட்டாலும் பகலில் அதுவே கப்பல்காரர்களுக்குக் கலங்கரை விளக்கம். கடலில் வெகு தூரத்தில் வரும்போதே அதைப் பார்த்து, "நாகப்பட்டினம் வந்துவிட்டது" என்று தெரிந்துகொள்வார்கள்.

1867-இல் அதை இடித்துவிட்டார்கள். கடல் இடிக்கவில்லை, புயல் இடிக்கவில்லை, மனிதர்கள் உத்தரவு வாங்கிக்கொண்டு இடித்தார்கள். அப்போது நமது ராஜதானியில் புகைப்படக் கலை வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஆயினும் இன்று அந்தக் கோபுரத்தை நாம் ஒருவாறு அறிந்துகொள்வது, சர் வால்டர் எலியட் என்ற உத்தியோகஸ்தர் 1846-இல் அங்கே சென்றபோது கிடைத்த ஒரு கோட்டுச் சித்திரத்தினால்தான். அவர் அதை 1878-இல் ஒரு கட்டுரையுடன் வெளியிட்டார். எண்ணூறு வருஷம் நின்றதாகச் சிலர் சொல்லும் கோபுரத்துக்கு மிஞ்சியது ஒரு முழம் காகிதம்!

கோபுரம் இருந்த பக்கமாக வெறும் ஆகாயத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளும்படி மருமானிடம் சொன்னோம். "இதில் என்ன ஸார் இருக்கிறது?" என்றான். "ஒன்றும் இல்லை என்பது இருக்கிறது" என்று சொன்னோம். நமக்கே அந்தப் பதில் திருப்தியாக இல்லை. ஆனாலும் அவன் எடுத்தான்.

கோடிக்கரை

மூன்றாம் நாள் விடியற்காலையில் வேதாரணியத்திலிருந்து புறப்பட்டோம். வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30-இல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பை அள்ளிய புண்ணிய பூமி. அங்கே நாட்டிய நினைவுத் தூணை வணங்கி, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். இருபுறமும் உப்பளங்கள் கண்ணாடி போல் விரிந்துகிடந்தன.

அப்பால் கோடிக்கரைக் காடு. அது 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வெளிமான்கள் புல்வெளியில் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்தன. சதுப்பு நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. மருமான் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். அவனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கலங்களைக் கரைந்து, அதாவது கூவி அழைத்து, வழி காட்டுவதால் கலங்கரை விளக்கம் என்று பெயர் வந்தது என்பார்கள். பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றுத் துறையின் உயர்ந்த விளக்கைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் புகாரின் கலங்கரை விளக்கத்தைச் சொல்கிறது. அவை நமக்கு ஏட்டில் மட்டுமே உண்டு. ஆனால் கோடிக்கரையில், முதலாம் பராந்தக சோழன் காலத்ததென்று வழங்கிய செங்கல் விளக்கு ஒன்று சிதைந்த நிலையிலாவது நம் காலம் வரையில் நின்றது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையைப் படித்தவர்களுக்குக் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயிரம் வருஷம் காற்றையும் மழையையும் புயலையும் பொறுத்த அந்தச் சுவர், 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் விழுந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது சிதைந்த அடிப்பாகமே.

பக்கத்தில் புதிய காலத்துக் கலங்கரை விளக்கம் உயர்ந்து நிற்கிறது. இப்படிப்பட்ட விளக்குகளில் ஒவ்வொன்றும் மின்னுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று இத்தனை விநாடிக்கு ஒரு தரம் மின்னும். மற்றொன்று இரண்டு தரம் மின்னி ஓயும். மாலுமி விநாடிகளை எண்ணி, புத்தகத்தைப் புரட்டி, எந்த ஊர் விளக்கு என்று கண்டுகொள்வான். ஆகவே விளக்கின் ஒளி அதன் கையெழுத்து. கீழே இருந்த காவலரிடம் அனுமதி கேட்டுக்கொண்டே வெளியிலிருந்து படம் எடுத்தோம். கடற்காவலுக்கு உரிய இடங்களில் கேட்காமல் காமிராவைத் தூக்குவது முறையல்ல.

பழைய விளக்கின் செங்கல் குவியலுக்கு அருகில் ஒரு மீனவப் பெரியவர் வந்து நின்றார். "நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில, கடல்ல நின்னு இந்த இடிஞ்ச வெளக்கையும் அந்தப் பெரிய மரத்தையும் நேர்கோடாப் பாத்துத்தான் வல விடுவோம். இன்னிக்குக் கைல பொட்டி வந்துருச்சு, அது வழி சொல்லுது. ஆனா கண்ணு இன்னும் அங்கதான் போவுது" என்றார்.

விழுவதற்கு முன்பு அந்த விளக்கைப் படம் எடுத்தவர்கள் சிலர் உண்டு. அந்தப் படங்கள்தான் இன்று அதன் உருவம். எடுத்தவர்கள் பெரிய காரியம் செய்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சுற்றுலா வந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று எடுத்திருப்பார்கள். அந்த ஒரு நிமிஷந்தான் ஆயிரம் வருஷத்துக்குக் கிடைத்த சாட்சி.

ஊர் திரும்பிய பிறகு

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படங்களைப் பெரிதாக்கி மாட்டினோம். மாணவர்களின் பெற்றோர்களும் வந்து பார்த்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஒரு மாணவனின் பாட்டி மட்டும் எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தாள். "வாத்தியாரே, கடலு முழுங்குன கோயிலு, கடலு முழுங்குன வெளக்கு எல்லாம் படமா மாட்டி வச்சிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. எங்க ஊரு படம் ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டாள்.

அவளுடைய ஊர் எது என்று நமக்குத் தெரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக 1956-இல் நிறுவனம் ஏற்பட்டது முதல், சுரங்கம் விரிய விரிய, சுற்றிலும் இருந்த பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். அந்த வெளிச்சத்தில்தான் நாமும் பரீட்சைத் தாள் திருத்துகிறோம். அந்தப் பாட்டியின் ஊரும் அப்படிப் போன ஊர்களில் ஒன்று. அவ்வூர் வழியாக நாம் சைக்கிளில் போய் வந்த காலம் உண்டு. அய்யனார் கோயிலின் மண் குதிரைகள், படித்துறை வைத்த குளம், குளக்கரையில் இலுப்பை மரம், எல்லாவற்றையும் எத்தனையோ நாள் கண்ணால் பார்த்தோம். ஒரு படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது சரித்திரம் என்று நமக்குப் படவில்லை. சரித்திரம் என்றால் கோட்டை. கோட்டை என்றால் கடற்கரை. கடற்கரை என்றால் பஸ் ஏறிப் போக வேண்டிய இடம்!

தரங்கம்பாடிக் கடல் ஒரு கோயிலை அரிக்க எத்தனையோ தலைமுறை எடுத்துக்கொண்டது. நாகப்பட்டினத்தில் இடித்தவர்களையும் நாம் குறை கூறினோம். நமது கண்ணெதிரில் ஓர் ஊர் போனபோது, கையில் காமிரா இருந்தும் சும்மா இருந்தது நாம்தான். இதற்குப் பிறர்மேல் பழி சொல்ல வழியில்லை.

பாட்டிக்குப் பதில் சொல்லாமல், மறுநாள் வகுப்பில் மாணவர்களிடம், "இடம் பெயர்ந்து வந்த வீட்டுக்காரர்கள் யாரிடமாவது பழைய போட்டோ இருந்தால் கேட்டு வாங்கி வாருங்கள்" என்றோம். ஊரைப் படம் எடுத்தவர் ஒருவருமில்லை. வந்தவை எல்லாம் கலியாணப் படங்கள், காதுகுத்துப் படங்கள். அவற்றுள் ஒன்றில் மணமக்கள் மாலையும் கழுத்துமாய் விறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஒரு குளத்தின் படித்துறை. ஓரத்தில் மண் குதிரையின் தலை.

பாட்டியை அழைத்துக் காட்டினோம். மணமக்கள் யாரென்று அவள் கேட்கவில்லை. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், விரலால் படிகளை எண்ணினாள். "இதோ, நாலாவது படி. இதுலதான் ஒக்காந்து துணி தொவைப்பேன்" என்றாள். பிறகு முந்தானையால் படத்தைத் துடைத்து, நம்மிடம் திருப்பிக் கொடுத்தாள். உப்புப் படலம் துடைக்க மருமான் நமக்குக் கற்றுக்கொடுத்த முறை அது அல்ல. ஆனால் நாம் தடுக்கவில்லை.

அந்தப் படத்தைச் சித்திர ஆசிரியர் பெரிதாக்கித் தந்தார். தாழ்வாரத்தில் டான்ஸ்பர்க் கோட்டைக்கும் கோடிக்கரைச் செங்கல் குவியலுக்கும் நடுவில் அதை மாட்டியிருக்கிறோம்.

இப்போது சனிக்கிழமைதோறும் மாணவர்கள் நாலைந்து பேர் கைப்பேசியுடன் சுற்றுப்புறத்து ஊர்களுக்குப் போகிறார்கள். கோயில், குளம், சுமைதாங்கிக் கல், பழங்கிணறு, தண்ணீர்ப் பந்தல், பெயர் பெற்ற மரம் ஆகியவற்றைத் தரங்கம்பாடியில் கற்ற முறைப்படி, அடையாளக் கல் வைத்து, தப்படி எண்ணி, ஓர் ஆளை நிறுத்தி, காலை ஒளியில் எடுக்கிறார்கள். தேதியும் திசையும் எழுதுகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறார்கள். எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பிரதி பள்ளியிலும் ஒரு பிரதி அந்த ஊரிலும் வைக்கிறோம்.

நேயர்களில் பலர் விடுமுறைக்குக் கடற்கரை செல்வார்கள். அவசியம் செல்லுங்கள். தரங்கம்பாடி உதயத்தைத் தவறவிடாதீர்கள். ஆனால் புறப்படுவதற்கு முன்பு, காமிராவில் முதல் படமாக உங்கள் ஊர்க் குளத்தை ஒரு தடவை எடுத்துவிட்டுச் செல்லுங்கள். படித்துறையின் எல்லாப் படிகளும் தெரியும்படி எடுங்கள்.